கேமிங் கணினிக்கு இன்டெல்லா, ஏஎம்டியா?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தில் ஒரு கேமிங் கணினியை அசெம்பிள் செய்யவிருக்கிறேன். மூன்று லட்சம் ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். 27 அங்குல 1440பி, 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் இரண்டும்தான் அதிகம் ஆடுவேன். மாதம் ஒன்றிரண்டு திருமண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பதும் உண்டு. கணினியின் மையச் சில்லான ப்ராசஸராக, என் அண்ணன் இன்டெல் கோர் அல்ட்ரா 9 285கே வாங்கச் சொல்கிறார். கடைக்காரர் ஏஎம்டி ரைசன் 7 9800எக்ஸ்3டி என்கிறார். 24 கோர் உள்ளதை விட்டுவிட்டு 8 கோர் உள்ளதை ஏன் வாங்க வேண்டும் என்று எனக்கும் புரியவில்லை. எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் ஆடும் விளையாட்டுகளையும் மானிட்டரையும் தெளிவாக எழுதியிருப்பதால் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: ரைசன் 7 9800எக்ஸ்3டி வாங்குங்கள். இந்தப் பதில் உங்கள் பயன்பாட்டுக்கும் இன்று கடையில் கிடைக்கும் இந்த இரண்டு மாடல்களுக்கும் மட்டுமே உரியது. ஒரு நிறுவனத்தின் மேல் வைத்த பற்றினால் கணினி வாங்குகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பற்று எந்த விளையாட்டையும் வேகமாக ஓட்டாது என்பதால், உங்கள் அண்ணனிடம் பேசும்போது நிறுவனத்தின் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, கீழே சொல்லும் காரணங்களை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

முதலில் அந்த 24 கோர் கணக்கு. கோர் என்பது ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஓர் அலகு. 285கே-யில் இருக்கும் 24 கோர்களில் முழு வலு கொண்ட பெரிய கோர்கள் 8 மட்டுமே; மீதமுள்ள 16 கோர்கள் குறைந்த மின்சாரத்தில் பின்னணி வேலைகளையும் ஒரே நேரத்தில் பல துண்டுகளாகப் பிரிக்கக்கூடிய வேலைகளையும் முடிப்பதற்காக வைக்கப்பட்ட சிறிய கோர்கள். 9800எக்ஸ்3டி-யில் இருக்கும் எட்டும் பெரிய கோர்கள். ஒவ்வொன்றும் இரண்டு திரெட்களை, அதாவது இரண்டு வேலைத் தொடர்களை, ஒரே நேரத்தில் ஓட்டும். ஆக, விளையாட்டு பெரிதும் நம்பியிருக்கும் பெரிய கோர்களின் எண்ணிக்கையில் இரண்டும் சமம். பெரும்பாலான விளையாட்டுகளில், ஃப்ளைட் சிமுலேட்டரில் மிக வெளிப்படையாக, ஒரே ஒரு முதன்மைத் திரெட் தன் வேலையை எவ்வளவு விரைவில் முடிக்கிறது என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அந்தத் திரெட்டுக்குப் பக்கத்தில் இன்னும் 16 கோர்கள் சும்மா இருந்தாலும் அதனால் பயன் மிகக் குறைவு.

அப்படியானால் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? கேஷ் நினைவகத்திலிருந்து வருகிறது. உங்கள் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுமையாகப் பயன்படுத்த வேண்டுமென்றால், ஒவ்வொரு ஃப்ரேமையும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்தையும், ஏறத்தாழ 4.2 மில்லி வினாடிக்குள் தயாரிக்க வேண்டும். அந்தச் சிறு இடைவெளிக்குள் வீரர்களின் இருப்பிடம், குண்டு பாயும் திசை, விமானத்தின் மீது மோதும் காற்று என்று நினைவகத்தின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் தகவல்களை ப்ராசஸர் தேடி எடுக்கிறது. அத்தகவல் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷில் கிடைத்துவிட்டால் சுமார் 10 நானோ வினாடி போதும். ரேம் வரை போய்வர வேண்டியிருந்தால் 70 நானோ வினாடிக்கு மேல் ஆகிவிடும். தாளிக்கும் நேரத்தில் கடுகு அஞ்சறைப் பெட்டியில் இருப்பதற்கும், தெருமுனைக் கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிவரச் செய்வதற்கும் உள்ள வேறுபாடு இது.

285கே-யின் எல்3 கேஷ் 36 எம்பி. 9800எக்ஸ்3டி-யில் 96 எம்பி: வழக்கமான 32 எம்பியோடு, தனிச் சில்லாக அடுக்கி ஒட்டப்பட்ட 64 எம்பி சேர்ந்து அந்த அளவு வருகிறது. 2022இல் வந்த 5800எக்ஸ்3டி, 2023இல் வந்த 7800எக்ஸ்3டி ஆகிய இரண்டிலும் இந்தக் கூடுதல் கேஷ் கோர்கள் இருக்கும் சில்லின் மேல் அமர்ந்திருந்ததால், கோர்களின் வெப்பம் கூலரைச் சென்றடைவது தடைப்பட்டது. அதனால் வேகத்தைக் குறைத்தே வைக்க வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் அந்த அடுக்கைக் கோர்களுக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். கோர்கள் கூலருக்கு நெருக்கமாக வந்ததால் வேகம் 5.2 கிகாஹெர்ட்ஸ் வரை உயர்ந்தது. அண்மை ஆண்டுகளில் ப்ராசஸர் வடிவமைப்பில் நான் பார்த்த மிக அழகான தீர்வுகளில் இதுவும் ஒன்று.

இன்டெல் பக்கம் நடந்தது இதற்கு எதிர்மாறு. 285கே-யில் ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலர், கோர்கள் இருக்கும் சில்லை விட்டுப் பிரிந்து வேறொரு சில்லுக்குப் போய்விட்டது. மின் சிக்கனத்துக்கும் தயாரிப்புக்கும் அது வசதியாக இருந்தாலும், ரேமைத் தொட்டு வரும் நேரம் கூடியது; அதனால் 2024 அக்டோபரில் வெளியானபோது பல விளையாட்டுகளில் இன்டெல்லின் முந்தைய 14900கே-யைவிடவே பின்தங்கியது. வெளியீட்டின்போது கிடைத்த வேகம் எதிர்பார்த்தபடி இல்லை என்பதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்), விண்டோஸ் மேம்படுத்தல்கள் வழியே ஓரளவு சரிசெய்தது. இருந்தும் கேஷ் அளவில் உள்ள இடைவெளியை மென்பொருளால் நிரப்ப முடியாது.

கேள்விப்படும் கோளாறுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில், தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கேட்கும் மைக்ரோகோட் (ப்ராசஸரை உள்ளிருந்து இயக்கும் நிரல்) பிழையால் காலப்போக்கில் சில்லே சீர்கெட்டு, விளையாட்டுகள் நடுவில் நின்றுபோவது 2024இல் உறுதியானது. இன்டெல் மைக்ரோகோடைத் திருத்தியதோடு வாரன்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. 285கே-க்கு இந்தச் சிக்கல் இல்லை; ஆகவே அதை வைத்து உங்கள் அண்ணனின் தேர்வைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்று ஏற்கெனவே பயன்படுத்திய 13900கே, 14900கே ப்ராசஸர்களை வாங்குவதைத் தவிர்த்துவிடுங்கள். ஏஎம்டியும் இத்தகைய சிக்கலைச் சந்தித்ததுண்டு: 2023இல் சில மதர்போர்டுகள் கொடுத்த அதிக மின்னழுத்தத்தால் 7000 வரிசை எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில கருகின; அதன்பிறகு எஸ்ஓசி (ப்ராசஸரில் மெமரி கன்ட்ரோலர் போன்றவை உள்ள பகுதி) மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. எந்த நிறுவனத்தின் ப்ராசஸரை வாங்கினாலும் மதர்போர்டுக்கு அண்மைய பயாஸைப் போட்டுக்கொள்வது கட்டாயம்.

திருமண வீடியோ வேலையில்தான் உங்கள் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இறுதி வீடியோவை ரெண்டர் செய்யும்போது அந்த 24 கோர்களும் உழைக்கும். அதைவிட முக்கியமாக, இன்றைய கேமராக்கள் பதிவுசெய்யும் 10 பிட் 4:2:2 எச்.265 என்ற, நிற விவரம் அதிகமுள்ள வீடியோவை, இன்டெல் ப்ராசஸரில் இருக்கும் குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதி தடங்கலின்றி ஓட்டிக் காட்டும். 9800எக்ஸ்3டி-யில் உள்ள சிறிய கிராபிக்ஸால் அது முடியாது. எனினும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டுகள் அதே 4:2:2 வேலையைத் தாமே செய்துவிடுகின்றன. எடிட்டிங் மென்பொருளின் அண்மைப் பதிப்பு மட்டும் இருந்தால் போதும். மாதம் ஒன்றிரண்டு வீடியோக்களுக்கு இது நிறைவான ஏற்பாடு. எடிட்டிங்கே அன்றாடத் தொழிலாக இருந்திருந்தால் வேறுவிதமாகச் சொல்லியிருப்பேன்: 20 கோர் கொண்ட, விலை குறைந்த கோர் அல்ட்ரா 7 265கே-யையோ, பணம் இருந்தால் 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ்3டி-யையோ பார்க்கச் சொல்லியிருப்பேன். பின்னதில்கூடக் கூடுதல் கேஷ் 8 கோர்களுக்கு மட்டுமே. விளையாட்டில் அது 9800எக்ஸ்3டி-யை ஒட்டியே ஓடும்.

ப்ராசஸரைவிட கிராபிக்ஸ் கார்டைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சில ஆண்டுகளுக்கு முன் நானே பட்டியலிலேயே உயர்ந்த ப்ராசஸரை வாங்கிவிட்டு, மிஞ்சிய பணத்தில் ஒரு நடுத்தர கார்டைப் பொருத்தினேன். அமைப்புகளைக் குறைக்காமல் எந்தப் புதிய விளையாட்டையும் ஆட முடியாமல், ஓராண்டுக்குள் அந்தக் கார்டை நட்டத்தில் விற்றேன். உங்கள் பணம் அப்படிப் போகக் கூடாது. ப்ராசஸருக்குக் கொடுப்பதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் கார்டுக்கு ஒதுக்குங்கள். 1440பி-க்கு 16 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ பொருத்தமாக இருக்கும். நாளை 4கே மானிட்டருக்கு மாறினால், பாரம் முழுவதும் கார்டின் மேல் விழுவதால் ப்ராசஸர்களுக்கு இடையிலான வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். 4கே-தான் இலக்கு என்றால் 7800எக்ஸ்3டி-யே போதும். மிச்சத்தைக் கார்டில் போடலாம்.

மின்சாரமும் வெப்பமும் இந்தத் தேர்வில் சேரும். 9800எக்ஸ்3டி-க்குக் குறிக்கப்பட்ட அளவு 120 வாட். 285கே அடிப்படையில் 125 வாட், முழுப் பாரத்தில் 250 வாட் வரை போகும். இரண்டின் பெட்டியிலும் கூலர் வராது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 9800எக்ஸ்3டி-க்கு நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலர், ஏசி இல்லாத அறையிலும், போதும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் 850 வாட் எடுங்கள். வீட்டில் பலரும் வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட் அளவுக்கே தாங்கும். கார்டு மட்டுமே 300 வாட் இழுக்கும் கணினியை அதில் செருகினால் மின்சாரம் போன நொடியிலேயே அணைந்துவிடும்.

மதர்போர்டு விஷயத்திலும் ஏஎம்டிக்கே என் வாக்கு. இந்த ப்ராசஸரை மதர்போர்டில் பொருத்தும் ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது. 2027 வரையிலாவது ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. அந்த வாக்கை நான் நம்புவதற்கு முன்னுதாரணம் உண்டு: 2018இல் முந்தைய ஏஎம்4 சாக்கெட் கொண்ட பி450 மதர்போர்டு வாங்கியவர்கள், 2022இல் வந்த 5800எக்ஸ்3டி-யை பயாஸ் மேம்படுத்தலுடன் அதே போர்டில் போட்டு, மேலும் பல ஆண்டுகள் ஓட்டினார்கள்.

ஏஎம்5 சாக்கெட் கொண்ட பி850 போர்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பி650 மலிவாகக் கிடைத்தால், ப்ராசஸர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் ஃப்ளாஷ்பேக் பொத்தான் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பயாஸ் இருக்கும் போர்டில் 9800எக்ஸ்3டி உயிர்பெறாது. டிடிஆர்5 ரேம் 6000 வேகத்தில், சிஎல்30 என்று குறிக்கப்பட்ட 16 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்குங்கள். நான்காகப் போட்டால் வேகம் குறையும். ரேம் விலை 2025 இறுதியிலிருந்து கடுமையாக ஏறியிருப்பதால், எக்ஸ்3டி ப்ராசஸர் இருக்கும்போது அதைவிட வேகமான ரேமுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பெரிய கேஷே அந்தக் குறையை ஈடுகட்டிவிடும்.

ப்ராசஸரைப் பெட்டியோடு வாங்கி, பில்லில் அதன் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் வருவதற்கு நிறுவனத்தின் மூன்று ஆண்டு வாரன்டி உண்டு, பெட்டியில்லாமல் ட்ரேயில் வருவதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்தான். எல்லாவற்றையும் பொருத்தி முதன்முறை இயக்கும்போது சில நிமிடங்கள் திரை கருப்பாகவே இருக்கும். ரேமை ப்ராசஸர் பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள். திரை வந்ததும் பயாஸுக்குள் போய் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்குங்கள். இயக்காவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 6000 வேக ரேம் 4800இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.