ரெண்டு ஷெங் தண்ணி – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் சீனாவுல சுஜோ நகரத்துல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில நாலு வருஷமா வேலை பாக்குறேன். கூட வேலை பாக்குற சீன நண்பரோட பொண்ணு பதினோராம் வகுப்பு, அடுத்த வருஷம் காவ்காவ், அதாவது இங்க காலேஜ்ல சேர எழுதுற நுழைவுத் தேர்வு, எழுதணும். எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும்னு ஞாயித்துக்கிழமை மட்டும் அவளுக்கு ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் சொல்லித்தரச் சொன்னாங்க. காசெல்லாம் இல்ல, மதியச் சாப்பாடு போடுவாங்க. பிராக்டிஸ் தாள் கட்டுக் கட்டா வச்சிருக்கா. பாதி சயின்ஸ், தேனீ, ரோபோ, தூக்கம், கடல்ல பிளாஸ்டிக். மீதி ஓய்வுநேரம் பத்தி, மியூசியம், கேம்ப்பிங், தோட்டம், ஹாபி. வார்த்தை எல்லாம் தெரியுது, கிராமர் என்னைவிட நல்லா தெரியுது, ஆனா பதில் தப்பாப் போகுது.

முதல்ல கேள்வியப் படிச்சிட்டு பாராவுக்குப் போகணுமா, இல்ல பாராவப் படிச்சிட்டு கேள்விக்கு வரணுமா? எத்தனை வார்த்தை மனப்பாடம் பண்ணா போதும்? இப்ப போனைக் காட்டினா அதுவே மொழிபெயர்த்துக் குடுத்துடுது, இதெல்லாம் இனிமே தேவைதானா? இன்னொண்ணு, தப்பா நினைக்காதீங்க, இந்த ஊர்ப் பசங்க மனப்பாட மெஷின் மாதிரி இருக்காங்க, சொந்தமா யோசிக்க வராதோன்னு தோணுது. நீங்க கொஞ்ச காலம் அங்க இருந்ததா எழுதியிருந்தீங்க, அதான் கேக்குறேன்.

சுஜோவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்க கடிதம் வந்த அன்னிக்குக் காலைல பூக்காரம்மாகிட்ட மரிக்கொழுந்து வாங்கியிருந்தேன். அந்த வாசம் மூக்குல ஏறினாலே எனக்கு சீனா ஞாபகம் வந்துடும், ஏன்னு பின்னாடி சொல்றேன். அதே நேரத்துல உங்க கடிதமும் வந்ததால பதில் எழுதாம இருக்க முடியல.

கடைசியா சொன்னீங்களே ஒண்ணு, அதுக்குத்தான் முதல்ல பதில். மனப்பாட மெஷின். எப்படி தம்பி உங்களுக்கு இப்படி எழுத மனசு வந்துச்சு? அந்த வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டுட்டு, அந்தப் பொண்ணு எதிர்ல உக்காந்திருக்கும்போது? அவ பாட்டி தாத்தாகிட்ட சுஜோ பேச்சு பேசுவா, பள்ளிக்கூடத்துல மாண்டரின், மூணாவதாத்தான் இங்கிலீஷ். ஆயிரக்கணக்கான சித்திர எழுத்தை ஒவ்வொண்ணா கையால எழுதி எழுதிப் பழகின கை அது. அதுக்கு மேல இருபத்தாறு எழுத்துல இன்னொரு உலகத்தைக் கட்டிக்கிட்டிருக்கா. நீங்க நாலு வருஷமா அந்த ஊர்ல இருக்கீங்க, பஸ் ஸ்டாப் போர்டை போனைத் தூக்காம படிக்க முடியுமா உங்களால? உங்களுக்கு ஒரு சீன மொழி பாராவும் கீழ நாலு ஆப்ஷனும் குடுத்து உக்கார வச்சா எவ்வளவு யோசிப்பீங்க? யோசிக்க வராத பசங்க இல்ல அவங்க, யோசிச்சா மார்க் போயிடும்னு கத்துக்கிட்ட பசங்க. ரெண்டும் வேற வேற.

வார்த்தை எத்தனைன்னு எங்கிட்ட கேக்காதீங்க, பாடத்திட்டத்துலயே பட்டியல் இருக்கு, அவகிட்டயும் இருக்கும். போன் மொழிபெயர்க்குறத பத்தி எனக்குப் பேச விருப்பமே இல்ல, பரீட்சை ஹாலுக்குள்ள போன் வராது, அவ்வளவுதான்.

கேள்வியா பாராவா எது முதல்லன்னா, கேள்வியவே படிக்கட்டும். அங்க நேரம் கிடையாது. ஜூன் 8 சாயங்காலம் 3 மணிலேர்ந்து 5 மணி வரைக்கும் இங்கிலீஷ், அந்த ரெண்டு மணி நேரத்துல 150 மார்க், அதுல 50 மார்க் ரீடிங்குக்கு மட்டும். நாலு பாரா, 15 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டரை மார்க், அப்புறம் ஏழு வாக்கியம் குடுத்து அஞ்சு காலி இடத்துல பொருத்தச் சொல்றது ஒண்ணு, அது ஒரு பன்னிரண்டரை. 2024ல காவ்காவுக்குப் பேர் குடுத்தவங்க 1 கோடியே 34 லட்சம் பேர். அந்தக் கூட்டத்துல ரெண்டரை மார்க்னா எத்தனை ஆயிரம் இடம் முன்ன பின்ன போகும்னு அந்தப் பொண்ணுக்கு உங்களைவிட நல்லா தெரியும். அதனால பரீட்சை உத்தியில நீங்களோ நானோ அவளுக்கு எதுவும் புதுசா சொல்லிட முடியாது, அவ டீச்சர் எல்லாம் சொல்லியிருப்பாங்க. ‘எல்லாம்’, ‘எப்பவும்’, ‘மட்டும்’னு அடிச்சுச் சொல்ற ஆப்ஷன் பெரும்பாலும் தப்பு, பாராவுல இல்லாதத நீயா சேர்க்காதே, உனக்குத் தெரிஞ்ச விஷயமா இருந்தாலும் பாரா என்ன சொல்லுதோ அதுதான் பதில்.

இந்தக் கடைசி விதி இருக்கே தம்பி, இதப் பத்தித்தான் நான் பல வருஷமா மனசுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்.

நான் ஷாவ்ஷிங் பக்கத்துல கேச்சியாவ்ல ரெண்டு வருஷம் இருந்தேன். வீட்டுக்காரருக்கு துணி வியாபாரத்துல வேலை, அந்த மார்க்கெட்டுக்காகவே நம்ம நாட்டு ஆளுங்க அங்க நிறைய உண்டு. எதிர் வீட்டுல ஒரு பொண்ணு, எட்டாவது படிச்சுக்கிட்டிருந்தா. ஒன்பதாவது முடிச்சதும் அங்க ஒரு பரீட்சை இருக்கு, அதுல தேறலைன்னா வழக்கமான உயர்நிலைப் பள்ளி கிடையாது, தொழிற்பள்ளிக்குத்தான் போகணும், அதனால எட்டாவதுலயே பயம் ஆரம்பிச்சிடும். அவளும் நீங்க சொல்லித்தர்ற பொண்ணு மாதிரிதான், தாள் தாளா கொண்டு வந்து என் சாப்பாட்டு மேஜைல பரப்புவா.

ஒரு நாள் வந்த பாரா, இங்கிலாந்துல வயசானவங்க ஊர்ப் பொது நிலத்துல ஆளுக்கு ஒரு துண்டு வாடகைக்கு எடுத்து லீவு நாள்ல காய்கறி போடுறத பத்தி. அந்த நிலத்துண்டுக்கு அலாட்மெண்ட்னு பேரு, அந்த வார்த்தைக்கு அடிக்கோடு போட்டு அர்த்தம் என்னன்னு கேட்டிருந்தாங்க. கடையா, சின்ன நிலமா, பரிசா, சங்கமா. பத்து செகண்டுல சின்ன நிலம்னு வட்டம் போட்டுட்டா. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டேன். அடுத்த வரில முட்டைக்கோஸ் வளர்க்கிறாங்கன்னு இருக்கு, கடைக்குள்ள வளர்க்க முடியாது, பரிசுக்குள்ளயும் முடியாதுன்னா. சரியான பதில், சரியான வழி. சரி, நீ இந்த மாதிரி யாரையாவது பாத்திருக்கியான்னு கேட்டேன். இல்ல, இது இங்கிலாந்துன்னா.

நான் அவளை ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கீழ அவ தாத்தா இருந்தார். மீன் கடைலயும் பழக் கடைலயும் தூக்கிப் போடுற தெர்மோகோல் பெட்டி ஏழெட்டு சேர்த்து வச்சு, மண் நிரப்பி, வெங்காயத்தாளும் பூண்டும் கீரையும் போட்டிருப்பார், கால்வாய்ச் சுவரு ஓரமா. தினமும் தண்ணி ஊத்திட்டு ஃபிளாஸ்க்ல டீயோட கற்பூர மரத்தடில ஸ்டூல் போட்டு உக்காந்துப்பார். அந்தத் தாளை அவ கைல குடுத்து, அவரைக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் சொன்னா, ஆனா ஆன்ட்டி, அவர் சும்மா இருக்காரு, ஓய்வுநேர நடவடிக்கை எல்லாம் எதுவும் செய்யல.

எனக்கு அழுகை வந்துடுச்சு தம்பி. பதிமூணு வயசுப் பொண்ணு, ஓய்வுன்னா அது பாராவுல இங்கிலாந்துக்காரங்க செய்யுறதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா, காலைல பாடம் படிக்கிற நேரம், ராத்திரி உக்காந்து படிக்கிற நேரம், நடுவுல எட்டுப் பீரியட், அவளுக்கு எங்கேர்ந்து தெரியும் அந்த வார்த்தை தாத்தாவைத்தான் சொல்லுதுன்னு.

அப்புறம் அவளாவே பேனாவ எடுத்து தாளோட ஓரத்துல ஒரு எழுத்து எழுதினா, ஷியூன்னு. ஓய்வுங்கறதுக்கு அவங்க மொழில வர்ற எழுத்து. இடப்பக்கம் மனுஷன், வலப்பக்கம் மரம், மரத்துல சாஞ்சு நிக்கிற மனுஷன்னு எனக்கு விளக்கினா. விளக்கிக்கிட்டே ஜன்னலப் பாத்தா. அவ முதல் வகுப்புலயே கத்துக்கிட்ட எழுத்து அது, அன்னிக்குத்தான் முதல் தடவை அதுக்குள்ள ஒரு ஆள் உக்காந்திருந்தார்.

இதுக்கு அப்புறம் நடந்ததையும் சொல்லிடணும். கடைசிக் கேள்வி, இந்த நிலத்துண்டுகளைப் பத்தி ஆசிரியரோட மனநிலை என்ன. முதல்ல ‘நடுநிலை’ன்னு போட்டிருந்தா. ஜன்னல்லேர்ந்து திரும்பி வந்து அத அடிச்சுட்டு ‘ஆதரவு’ன்னு மாத்தினா. விடைத்தாள்ல நடுநிலைதான் சரின்னு இருந்துச்சு. மார்க் போச்சு. அவ அம்மா ரெண்டு நாள் என்கிட்ட சரியாப் பேசல, அவங்க கோபம் நியாயமானது. அதனாலதான் சொல்றேன், பரீட்சைக்குள்ள இந்த வேலை வேண்டாம். ஆனா பரீட்சைக்கு வெளிய யாராவது ஒருத்தர் செஞ்சாகணும், உங்க ஞாயித்துக்கிழமைய விட்டா வேற எந்த நேரம் இருக்கு?

இப்ப மரிக்கொழுந்துக்கு வர்றேன். ஷாவ்ஷிங்குக்குப் பக்கத்து ஊர் நிங்போ. 1930ல அங்க பொறந்தவங்க டு யூயூங்கற மருந்து விஞ்ஞானி. நம்ம சங்கப் பாட்டு மாதிரி அவங்களுக்கு ஒரு பழைய பாட்டுத் தொகை உண்டு, அதுல மான் ‘யூ யூ’ன்னு கூப்பிட்டுக்கிட்டே ஹாவ்னு ஒரு காட்டுச் செடிய மேயும், அந்த வரிலேர்ந்துதான் அப்பா பேர் வச்சார். வியட்நாம் போர் நேரம், வட வியட்நாம் வீரர்கள் மலேரியாவுல சாகுறாங்கன்னு சீனா ரகசியமா ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சுது, 1967 மே 23ல தொடங்கினதால அதுக்குப் பேரே 523. 1969ல டு யூயூ இதுக்குள்ள வர்றாங்க. பழைய ஏடு, வைத்தியர்கள்னு தேடி 2000க்கு மேல மருந்துக் குறிப்பு சேர்த்தாங்க. அதுல சிங்ஹாவ்னு ஒரு செடி, நம்ம மரிக்கொழுந்து குடும்பத்துச் சொந்தம். அதோட சாறு ஒரு தடவை வேலை செஞ்சுது, அடுத்த தடவை செய்யல. ஏன்னு யாருக்கும் புரியல.

திரும்பப் போய்ப் படிச்சாங்க. 4ஆம் நூற்றாண்டுல கெ ஹுங்னு ஒருத்தர் எழுதின அவசர வைத்தியக் குறிப்புல ஒரே ஒரு வரி. ஒரு பிடி சிங்ஹாவ், ரெண்டு ஷெங் தண்ணியில ஊறவை, பிழிஞ்சு சாறெடு, முழுக்கக் குடி. ஷெங்கிறது அந்தக் காலத்து அளவு.

இந்த வரியப் பரீட்சைல குடுத்தா என்ன கேப்பாங்க தம்பி? எத்தனை ஷெங் தண்ணி? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ரெண்டு. சரி, ரெண்டரை மார்க். அடுத்த கேள்வி, சாறை என்ன செய்யணும்? குடிக்கணும். சரி, இன்னொரு ரெண்டரை. எல்லாக் கேள்விக்கும் சரியா பதில் எழுதிட்டு அந்த வரியக் கடந்து போயிடலாம், பதினாறு நூற்றாண்டா எத்தனையோ பேர் அப்படித்தான் கடந்து போயிருக்காங்க. டு யூயூ மட்டும் அந்த வரில இல்லாத ஒண்ணைப் படிச்சாங்க. அதுல கொதிக்கவைன்னு இல்ல. மூலிகைன்னாலே கஷாயம், கஷாயம்னாலே அடுப்பு, அங்க ஆயிரம் குறிப்புல கொதிக்கவைன்னு இருக்கும், இதுல அந்த வார்த்தை காணோம். அப்ப சூடுதான் மருந்தைக் கெடுக்குதோன்னு சந்தேகம் வந்து, ஏறக்குறைய 35 டிகிரிலயே கொதிச்சிடுற ஈதர்ங்கற திரவத்துல சாறெடுத்தாங்க. 1971 அக்டோபர் 4, 191ஆவது மாதிரி, எலிகளோட ரத்தத்துல இருந்த மலேரியா ஒட்டுண்ணி ஒண்ணு மிச்சமில்லாம போச்சு. அடுத்த வருஷம் அந்தச் சாறைத் தானே குடிச்சும் பாத்தாங்க. ஆர்ட்டிமிசினின்ங்கற மலேரியா மருந்து அப்படி வந்தது, 2015ல நோபல் பரிசு. இன்னிக்குப் பல சீனப் பள்ளிகள்ல உயர்நிலை இங்கிலீஷ் புத்தகத்துலயே அவங்களைப் பத்தி பாடம் இருக்கு, அதுக்குக் கீழயும் கேள்வி இருக்கும், எந்த வருஷம், எந்தச் செடி, எத்தனாவது மாதிரி.

எனக்கு அந்தக் கேள்விங்க மேல கோபம் இல்ல. ஒரு கோடிப் பேருக்கு ஒரே மாதிரி மார்க் போடணும்னா பாராவுல இருக்கறதைத்தான் கேக்க முடியும், கிராமத்துப் பிள்ளைக்கும் ஷாங்காய்ப் பிள்ளைக்கும் அதுதான் நியாயம். ஆனா இருக்கறதை மட்டுமே பத்து வருஷம் தேடப் பழகின கண்ணு இல்லாதத எப்படிப் பாக்கும்? சயின்ஸ் பாராவப் படிக்கிறதே அதுக்குத்தானே. தேனீ நடனமாடி வழி சொல்லுதுன்னு பாரா இருந்தா, மழை வந்தா என்ன பண்ணும்னு பாராவுல இல்ல. தூக்கம் கொறைஞ்சா ஞாபகம் கொறையும்னு பாரா இருந்தா, அப்ப ராத்திரி பத்து மணி வரைக்கும் எங்களை ஏன் உக்கார வைக்கிறீங்கன்னு பாராவுல இல்ல. அவளுக்கு இதெல்லாம் தோணும் தம்பி, கண்டிப்பா தோணும், தோணினதும் பாராவுல இல்லாததை சேர்க்காதேங்கற குரல் வந்து அமுக்கிடும். வார்த்தை எல்லாம் தெரிஞ்சும் பதில் தப்பாப் போகுதுன்னு எழுதியிருக்கீங்களே, எனக்கென்னவோ அவ பாராவவே படிக்கல, பதில் எங்க ஒளிஞ்சிருக்குன்னு பயந்து பயந்து தேடிக்கிட்டிருக்கான்னுதான் படுது.

அங்க ஜனங்களுக்கு இதுல ஆசை இல்லைன்னு மட்டும் நினைச்சிடாதீங்க. 2021ல அரசு டியூஷன் கம்பெனிகளுக்குக் கடிவாளம் போட்டதும் நியூ ஓரியண்டல்னு பெரிய டியூஷன் கம்பெனி இன்டர்நெட் லைவ்ல அரிசியும் மாட்டிறைச்சியும் விக்க ஆரம்பிச்சுது. அங்க இங்கிலீஷ் வாத்தியாரா இருந்த டோங் யூஹுயி, விக்கிற பொருளுக்கு இங்கிலீஷ்ல என்ன பேருன்னு வெள்ளைப் பலகைல எழுதி, ஊர்க் கதையும் கவிதையும் பேசிக்கிட்டே வித்தார். 2022 ஜூன்ல நாடே திரும்பிப் பாத்துச்சு. அதே வாத்தியார், அதே இங்கிலீஷ், கீழ நாலு ஆப்ஷன் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம், ஜனம் உக்காந்து கேட்டுச்சு.

வர்ற ஞாயித்துக்கிழமை கட்டுலேர்ந்து ஒரே ஒரு தாளை எடுங்க, கேள்வி இருக்கற பாதிய மடிச்சு உள்ள தள்ளிடுங்க. ரெண்டு பேரும் மெதுவா, சத்தமா படிங்க. படிச்சு முடிச்சதும் இதுல என்ன இல்லைன்னு மட்டும் கேளுங்க, அவ தப்பா சொன்னாலும் திருத்தாதீங்க, சும்மா இருந்தாலும் அவசரப்படுத்தாதீங்க. மத்த தாளெல்லாம் அவ வழக்கம்போல கேள்வியப் பாத்தே போடட்டும். ஓய்வுநேரம் பத்தின பாரா வந்தா அவ தாத்தா சாயங்காலத்துல என்ன பண்ணுவார்னு கேட்டுப் பாருங்க. என்ன சொன்னாள்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா