பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை, புது ஃபியூஸ் போட்டாலும் உடனே போய்விடுகிறது. ஷார்ட் எங்கே என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை, சாவியை ஆன் செய்ததும் இக்னிஷன் ஃபியூஸ் போகிறது, மெக்கானிக் மொத்த வயரிங்கையும் மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வயரிங்கை மாற்றுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையையும் ஒரு இண்டிகேட்டர் பல்பையும் செலவழித்துப் பாருங்கள். என்னுடைய 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, இதே மாதிரிதான் ஒரு நாள் வீட்டு வாசலில் படுத்துவிட்டது. எனக்கும் அதே யோசனையைத்தான் சொன்னார்கள்.

முதலில் ஒன்று. நம் ஊரில் கரண்ட் சம்பந்தப்பட்ட எந்தக் கோளாறுக்கும் 'ஷார்ட்' என்றுதான் பெயர். ஆனால் செல்ஃபே சுற்றாமல் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால் அது பெரும்பாலும் ஷார்ட் இல்லை. பேட்டரி இறங்கியிருக்கும், டெர்மினலில் பச்சை பூத்திருக்கும், இல்லாவிட்டால் இன்ஜினுக்குப் போகும் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கும். பேட்டரி முழு சார்ஜில் சும்மா இருக்கும்போது மீட்டர் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். எர்த் மேல் சந்தேகமா, ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் பிளாக்கில் மாட்டி செல்ஃப் அடித்துப் பாருங்கள். சுற்றினால் குற்றவாளி அந்தப் பட்டைதான். உங்கள் வண்டியில் ஃபியூஸ் போகிறது என்பதால் இது நிஜமான ஷார்ட். பெரும்பாலும் எங்கேயோ ஒரு வயர் பாடியைத் தொடுகிறது.

இந்த மாதிரி நேரத்தில் நாம் செய்கிற பெரிய தப்பு, 15 ஆம்பியர் ஃபியூஸ் நிற்கவில்லை என்று 30 போடுவது. அதைவிட மோசம், சிகரெட் பாக்கெட் ஜிகினாத்தாளைச் சுருட்டி வைப்பது. ஃபியூஸ் போகாது, சரி. அதற்குப் பதிலாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் வயர் உருகும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வாடை எப்போதும் கொஞ்சம் இருக்கும். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பல்பு விஷயத்துக்கு வருகிறேன். கடையில் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றும் ஹோல்டர் ஒன்றும் வாங்குங்கள். எரிந்துபோன ஃபியூஸ் ஒன்றின் தலையை உடைத்து, அதன் இரண்டு கால்களிலும் நீளமான வயர் வைத்துப் பற்றவைத்து, மறுமுனைகளை ஹோல்டரில் இணையுங்கள். இப்போது ஃபியூஸ் இருந்த இடத்தில் இதைச் செருகினால், ஃபியூஸுக்குப் பதிலாக பல்பு உட்கார்ந்திருக்கும். ஷார்ட் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இதன் வழியே ஒன்றே முக்கால் ஆம்பியருக்கு மேல் ஓடாது. வயர் சூடாகாது, ஃபியூஸுக்கு ஃபியூஸாகக் காசு கரையாது. சாவியை ஆன் செய்தால், ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஷார்ட் விட்டதும் அணையும், இல்லை மங்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரை முதலில் கழற்றிவிடுங்கள். பாயின்ட் (காயிலின் கரண்டை விட்டு விட்டு ஓடவைக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த பழைய வண்டியில், பாயின்ட் மூடிய நிலையில் இன்ஜின் நின்றிருந்தால், நல்ல காயிலே பல்பை நன்றாக எரிய வைத்துவிடும். இது தெரியாமல் முதல் ஒரு மணி நேரம் நான் நல்ல காயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த ஃபியூஸில் தொங்குகிற மற்றவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கார்புரேட்டரில் உள்ள சொலினாய்டு (கரண்டில் திறந்து மூடும் வால்வு), மீட்டருக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட், இப்படி. எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அதுவோ, கழற்றிய இடத்துக்கு அப்பால் உள்ள வயரோதான் கோளாறு. எனக்கு எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் பல்பு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் பொருள்கள் எல்லாம் நல்லவை, நடுவே ஓடும் வயர்தான் கடிபட்டிருக்கிறது.

இந்தக் கட்டத்தில் ஆள் துணை வேண்டும். பல்பை வைப்பர் மேல் வைத்து, மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வயர் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போனேன். ஹெட்லைட் பக்கம் ஒன்றுமில்லை. பேட்டரி பக்கம் ஒன்றுமில்லை. இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகட்டுக்கு வந்து லேசாக இழுத்தேன். "அப்பா, அணைஞ்சிடுச்சு!" விட்டால் எரிகிறது, இழுத்தால் அணைகிறது.

கம்பெனி வயர் இல்லை அது. நான் வாங்குவதற்கு முன்பே யாரோ ஃபாக் லேம்ப் மாட்டியிருக்கிறார்கள். அதன் ரிலேவுக்கு (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) காயில் லைனிலிருந்தே கரண்ட் எடுத்து, தகட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டு, ரப்பர் வாஷர்கூட வைக்காமல் வயரை நுழைத்துவிட்டார்கள். தகட்டின் விளிம்பு வருடக்கணக்காக அறுத்து அறுத்துச் செம்பு வெளியே வந்துவிட்டது. எதற்கோ மாட்டிய ஃபாக் லேம்பால் ஸ்பார்க்கே போய்விட்டது. உங்கள் வண்டியிலும் பிறகு மாட்டிய ஹாரன், செட், சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் மியூசிக் எது இருந்தாலும் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். அடுத்தது எலி. வண்டி பல நாள் நின்றிருந்தால் எலிக்கே முதலிடம்.

சரிசெய்தது சுலபம். அறுந்த இடத்தை வெட்டி, பற்றவைத்து, ஹீட் ஸ்லீவ் போட்டு, ஓட்டைக்கு ரப்பர் வாஷர் வைத்தேன். வெறும் டேப் சுற்றினால் இன்ஜின் சூட்டில் பசை இளகி உரிந்துவிடும். ஃபாக் லேம்ப் ரிலேவின் லைனைக் காயிலிலிருந்து பிரித்துத் தனி ஃபியூஸ் கொடுத்தேன். அதன் பிறகுதான் பல்பை எடுத்துவிட்டு, ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் எழுதியிருந்த அதே அளவு ஃபியூஸைப் போட்டேன்.

கை வைக்கும் முன் கவனிக்க: மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். எதையாவது வெட்டவோ பற்றவைக்கவோ போகிறீர்கள் என்றால் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பானர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். ஏர்பேக், கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளில், முக்கியமாக ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் சாக்கெட் உள்ள வயர்களில், இந்தப் பல்பு வேலையைச் செய்யாதீர்கள்.

பல்பு மாட்டிப் பார்த்துவிட்டு, எதைக் கழற்றும்போது அணைந்தது என்று கீழே எழுதுங்கள். எதுவுமே அணைக்கவில்லை என்றால், வண்டியில் பிறகு மாட்டியவை என்னென்ன என்றும் சொல்லுங்கள்.