பிரேக் அடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? கேள்வி பதில்

ராமநாதபுரத்துக் கடலோர வண்டிகளோடு பட்டறையில் காலம் தள்ளுகிறவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகள் முக்கால்வாசி ஒரே நோய்தான்.

கேள்வி (மண்டபம்): அண்ணே, பிரேக் மிதித்தால் கார் இடது பக்கம் இழுக்கிறது. இரண்டு தடவை அலைன்மென்ட் பார்த்தாச்சு, சரியாகவில்லை. இப்போது இடது பக்கக் காலிபரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிடி) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

பதில்: பொறுங்க தம்பி. சும்மா ஓடும்போது நேராகப் போய், மிதித்தால் மட்டும் இழுக்கிற வண்டிக்கு அலைன்மென்ட் பார்த்தது தண்டச் செலவு. இடது பக்கம் இழுக்கிறது என்றால், இடது சக்கரம் ஒழுங்காகப் பிடிக்கிறது, வலதுதான் பிடிக்கவில்லை என்று பெரும்பாலும் அர்த்தம். வள்ளத்தில் ஒரு பக்கத் துடுப்பை மட்டும் தண்ணீரில் அழுத்திப் பிடித்தால் வள்ளம் அந்தப் பக்கம் திரும்புமே, அதே கதை.

முதலில் நான்கு டயரிலும் காற்றைப் பாருங்கள். அப்புறம் ஆறேழு கிலோமீட்டர் ஓட்டி, நடுவில் நாலைந்து முறை நன்றாகப் பிரேக் பிடியுங்கள். இறங்கி முன் டிஸ்க் இரண்டிலும், தோசைக்கல்லில் தெளிக்கிற மாதிரி இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். கையை வைத்துவிடாதீர்கள், வெந்துவிடும். ஒரு பக்கம் சுர்ரென்று பொரிந்து மறுபக்கம் சும்மா வழிந்தால், வழிகிற பக்கம்தான் வேலை செய்யவில்லை.

அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். காலிபர் முன்னும் பின்னும் நகர, உருட்டுக் கம்பி மாதிரி இரண்டு பின் (pin) இருக்கும், மேலே ரப்பர் உறை. உறை கிழிந்தால் உப்பு ஈரம் உள்ளே இறங்கிப் பின்னைக் கவ்விக்கொள்ளும். டிஸ்க்கில் அழுந்துகிற கட்டைதான் பேடு. உள்பக்கப் பேடு தேய்ந்து தகடாகவும் வெளிப்பக்கப் பேடு புதுசு மாதிரியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், பின்தான். போன மாதம் ஒரு வண்டியில் அதைத் திருகித் திருகி வெளியே எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. செம்மண்ணில் புதைத்து எடுத்த ஆணி மாதிரி வந்தது. லேசான துரு என்றால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம், குழி விழுந்திருந்தால் புதுப் பின், புது உறை. பிரேக்குக்கு என்றே விற்கும் சிலிகான் கிரீஸ் மட்டும் போடுங்கள். சாதாக் கிரீஸ் ரப்பரை ஊத வைத்து மறுபடியும் இறுக்கும். பேடைத் தள்ளுகிற பிஸ்டனே இறுகியிருந்தால்தான் காலிபர் செலவு.

கேள்வி (கீழக்கரை): காக்கா, துபாயில் இருந்து மூன்று மாதம் கழித்து வந்தேன். வீட்டில் நின்ற காரை எடுத்ததும் பிரேக்கில் கரகரவென்று சத்தம், கொஞ்சம் இழுக்கவும் செய்கிறது.

பதில்: டிஸ்க் மேல் துருப் படிந்திருக்கும். காலி ரோட்டில் மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை பிரேக் பிடித்தால் தேய்ந்து போய்விடும். போகவில்லை என்றால் மேலே சொன்ன பின் சோதனை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

கேள்வி (ராமேஸ்வரம்): அண்ணா, தனுஷ்கோடி அரிச்சல்முனை போனபோது வீட்டுக்காரர் வண்டியை மணலில் இறக்கிவிட்டார், கடல் தண்ணீரும் பட்டது. மறுநாளில் இருந்து வலது பக்கம் இழுக்கிறது.

பதில்: 2017-இல் முனை வரை தார்ச்சாலை போட்டுக் கொடுத்த பிறகும் மணலில் இறக்கினால் என்னம்மா செய்ய! நான்கு சக்கரத்தையும் உள்பக்கம் வரை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள், ஆனால் ரப்பர் உறை மேல் பிரஷர் பம்பை நேராக அடிக்க வேண்டாம். கழுவிய கையோடு மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்துப் பிடித்து உலர்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பேடைக் கழற்றி மணல் பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: பாம்பன் பாலத்தில் போகும்போதுதான் எனக்கு இழுக்கிறது...

பதில்: அது வாடைக் காற்றோ சோழகக் காற்றோ பக்கவாட்டில் தள்ளுவது. பாலத்தின் மேல் எந்தச் சோதனையும் வேண்டாம். சாலை ஓரச் சரிவும் ஏமாற்றும். சமமான, ஆளில்லாத இடத்தில் பாருங்கள்.

கேள்வி (உச்சிப்புளி): காலையில் நன்றாக இருக்கிறது. பத்துக் கிலோமீட்டர் ஓடியதும் இழுக்க ஆரம்பிக்கிறது, காலை எடுத்த பிறகும் வண்டி கனக்கிறது.

பதில்: இது வேறு வகை. இங்கே இழுக்கிற பக்கமேதான் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அந்த முன் சக்கரம் இறுகி நிற்கும்போதே ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, காலிபரில் ஏர் எடுக்கும் நிப்பிளை (காற்றை வெளியேற்றுகிற சின்னத் திருகு) கொஞ்சம் தளர்த்துங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சி, சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் காலிபர் மேல் பழி இல்லை. பெரும்பாலும் காலிபருக்கு ஆயில் கொண்டு போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே சதை பிடித்து, போன ஆயிலைத் திரும்ப விடாமல் அடைக்கிறது. வெளியே பார்த்தால் ஹோஸ் ஜம்மென்றுதான் இருக்கும். தளர்த்தியும் சுற்றாவிட்டால் பிஸ்டன் அல்லது பின். ஹோஸை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றி, புதுப் பிரேக் ஆயில் ஊற்றி, ஏர் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (தொண்டி): மீன் லோடு வண்டி. பிரேக் அடித்தால் ஸ்டியரிங் ஆடுவதில்லை, பின்பக்கம் மட்டும் ஒதுங்குகிறது.

பதில்: ஸ்டியரிங் கையில் வெட்டாமல் பின்னால் ஒதுங்கினால் பின் சக்கரப் பிரேக் டிரம்மைத் திறக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் ஒழுகி ஒழுகி உள்ளே ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் அரித்து, ஆயில் கசிந்து ஷூவை (டிரம்மில் உரசிப் பிடிக்கிற கட்டை) நனைத்திருக்கும். நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடுகிற வேலை வேண்டாம், ஊறிய ஆயில் சூட்டில் திரும்ப வரும். சிலிண்டரோடு இரண்டு பக்க ஷூவையும் மாற்றுங்கள். அதுவரை லோடு ஏற்றாதீர்கள்.