பாங்காக்குக்குத் தனியாகப் போகிறேன், எங்கே தங்கலாம்?

கேள்வி: எனக்கு 26 வயது. ஜவுளி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பிப்ரவரியில் ஏழு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. சேர்த்து வைத்த பணத்தில், முதுகுப்பை ஒன்றை மாட்டிக்கொண்டு தாய்லாந்து போக ஆசை. இதுதான் என் முதல் வெளிநாட்டுப் பயணம். "பாங்காக்குக்கு இரண்டு நாள் போதும், காவ் சான் ரோட்டில் தங்கு, அப்புறம் பட்டாயா, புக்கெட் என்று கிளம்பிவிடு" என்கிறார்கள் நண்பர்கள். நான் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். அம்மா சம்மதித்துவிட்டார், ஆனால் அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. வழி சொல்லுங்கள்.
- வாசகி, ஈரோடு

பதில்: அன்புத் தங்கைக்கு,

தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ஏழு நாளையும் பாங்காக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். போகவர ஆகும் நேரத்தைக் கழித்தால் உங்கள் கையில் நிற்பது ஐந்து முழு நாள்தான். புக்கெட் அங்கிருந்து 800 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. முதல் பயணத்தில் மூட்டை கட்டி, அவிழ்த்து, பேருந்து நிலையத்தில் காத்திருந்தே பாதி நாள் தீர்ந்துவிடும். பாங்காக்கில் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊரைக் காரின் கண்ணாடி வழியாகவும், கடை வளாகங்களிலும் மட்டுமே பார்த்தவர்கள்.

அந்த ஊரில் உங்கள் பயணம் நன்றாக அமைவது எங்கே தங்குகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. சாலை நெரிசலில் பாங்காக் பேர்போனது. மாலை ஐந்து மணிக்கு மேல் டாக்ஸியில் ஏறினால், நடந்தே போயிருக்கலாமே என்று தோன்றும். தண்டவாளத்திலும் தண்ணீரிலும் போகிறவர்களுக்கோ அதே ஊர் கைக்கடக்கமாகிவிடும். முதுகுப்பைப் பயணிகள் கூடும் காவ் சான் ரோட்டுக்கு ரயில் கிடையாது. நான் முதல் தடவை போனபோது அங்கேதான் அறை எடுத்தேன். வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் பேருந்தில் சிக்கிக்கொண்டேன், இரவு இரண்டு மணிவரை பாட்டுச் சத்தம் வேறு. அந்தத் தெருவை ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், போதும்.

நீங்கள் தேட வேண்டியது எம்.ஆர்.டி. மெட்ரோவின் நீல வழித்தடத்தை ஒட்டிய ஹாஸ்டலை. ஹுவா லம்போங், வாட் மங்கோன், சாம் யோட் ஆகிய மூன்று நிலையங்களும் அடுத்தடுத்து வருகின்றன. இவற்றில் எதிலிருந்தும் பத்து நிமிட நடையில் இருக்கும் இடமாகப் பாருங்கள். சைனா டவுனும் பழைய நகரமும் அந்தப் பக்கம்தான். பெண்களுக்கு மட்டுமான டார்ம் அறைகள், அதாவது பலர் சேர்ந்து தங்கும் அறைகள், நிறையக் கிடைக்கும். லாக்கர் இருக்கிறதா, வரவேற்பில் இரவிலும் ஆள் இருப்பார்களா என்று தனியாகப் போய் வந்த பெண்கள் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சீனப் புத்தாண்டு பெரும்பாலும் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த வாரம் சைனா டவுனில் அறை கிடைப்பது கஷ்டம், அதனால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும் இந்த நீல வழித்தடத்தை ரயிலிலேயே வந்து பிடித்துவிடலாம். சுவர்ணபூமியில் இறங்கினால் ஏர்போர்ட் ரயில் லிங்கில் மக்கசான் வரை வந்து, நடைபாலம் வழியாக பெச்சபுரி மெட்ரோவுக்குப் போகலாம். டோன் முவாங்கில் இறங்கினால் சிவப்பு வழித்தட ரயில், பிறகு பாங் சூவில் மெட்ரோ. சென்னையிலிருந்து போகும் விமானங்கள் பல நடுராத்திரியில் கிளம்பி விடியும் முன் போய் இறங்குகின்றன. அவசரப்பட்டு டாக்ஸி பிடிக்க வேண்டாம். விமான நிலையத்திலேயே முகம் கழுவி, சிம் வாங்கி, விடிந்ததும் முதல் ரயில்களில் ஒன்றில் ஏறுங்கள்.

இதெல்லாம் சுலபமாக நடக்க வேண்டுமானால் பை இலேசாக இருக்க வேண்டும். மலிவு விமானங்களில் கையில் எடுத்துப்போக ஏழு கிலோதான் அனுமதி. உங்களுக்கு அதுவே போதும். மூன்று செட் துணி, கழற்றி மாட்ட எளிதான ஒரு ஜோடி செருப்பு, மெல்லிய துண்டு, ஒரு பூட்டு. காசு போட்டால் துவைத்துத் தரும் இயந்திரங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பிப்ரவரியில் மழை இருக்காது, ஆனால் அந்த மாதங்களில் காற்றில் தூசுப்புகை அதிகம். நாலைந்து நல்ல முகக்கவசங்களைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். சாவ் பிராயாதான் அந்த ஊரின் உயிர். சபான் தாக்சின் ஸ்கைட்ரெயின் (மேம்பால ரயில்) நிலையத்துக்குக் கீழேயே சாத்தோர்ன் படகுத்துறை இருக்கிறது. சுற்றுலாப் படகுக்கு 150 பாட் நாள் பாஸ் விற்பார்கள். அதைத் தாண்டிப் போய், ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு எங்கே நிற்கும் என்று கேளுங்கள். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறும் படகு அது, கட்டணம் 16 பாட். ஒரு பாட் நம் பணத்தில் இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய்க்குள். படகில் புத்த பிக்குகளுக்குத் தனி இடம் உண்டு. பெண்கள் அவர்கள்மேல் படக்கூடாது, எதையும் கைக்குக் கை கொடுக்கவும் கூடாது. நெரிசலில் கொஞ்சம் கவனமாகத் தள்ளி நின்றுகொள்ளுங்கள்.

அரண்மனைக்கு நுழைவுக் கட்டணம் 500 பாட். காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள், அப்போதே போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், நம் சுடிதார் அதற்குக் கச்சிதம். வாசலுக்குப் போகும் வழியில் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, நல்ல நாள், பூஜை நடக்கிறது" என்று அன்பாகச் சொல்வார். இருபது பாட்டுக்கு டுக்-டுக் ஏற்பாடு செய்து தருவதாகவும் சொல்வார். அந்த வண்டி கடைசியில் ஒரு நகைக்கடையில் போய் நிற்கும். என்னிடமும் ஒருவர் சொன்னார், நம்பி ஏறினேன், அரை நாள் போயிற்று. யார் சொன்னாலும் வாசல்வரை நடந்து போய் உங்கள் கண்ணால் பாருங்கள்.

அரண்மனையிலிருந்து வாட் போ என்ற புத்தர் கோயில் நடக்கிற தூரம்தான். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரின் உள்ளங்கால்களில் பதித்த சிப்பி வேலைப்பாட்டைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். அங்கே கட்டணம் 300 பாட். எதிரே தா தியென் துறையிலிருந்து ஐந்து பாட் கொடுத்தால் அக்கரையில் வாட் அருண் கோயிலில் இறக்கிவிடுவார்கள்.

சாம் யோட் நிலையத்திலிருந்து நடந்து போனால் சிவப்பாக, இரண்டு தூண்களோடு ஓங்கி நிற்கும் பெரிய ஊஞ்சல் தெரியும். பக்கத்திலேயே தேவஸ்தானம் என்ற பிராமணர் கோயில். தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் மார்கழி, தை ஒட்டி நடத்தும் விழாவுக்கு 'திரியம்பாவாய்' என்று பெயர். திருவெம்பாவை என்ற நம் சொல்தான் அப்படி மருவியிருக்கிறது. அந்த விழாவில் ஆட்கள் இந்த ஊஞ்சலில் உயர ஆடும் வழக்கம் 1930களில் நின்றுபோயிற்று. இப்போதிருக்கும் தூண்கள் 2007இல் புதிதாகத் தேக்கு மரங்களால் நிறுத்தப்பட்டவை. போகிற வருகிற சுற்றுலாக்காரர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. தாய்லாந்து மக்கள் அங்கே தட்டும் மாலையுமாக வரிசையில் நிற்பதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

இப்போது சாப்பாடு. 'வெஜிடேரியன்' என்று சொன்னால் கறியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாறு ஊற்றிக் கொடுப்பார்கள். அவர்களுக்கு அது நம் உப்பு மாதிரி. நீங்கள் சொல்ல வேண்டிய சொல் 'ஜே'. "கின் ஜே" என்றால் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேர்க்காத உணவு சாப்பிடுகிறேன் என்று அர்த்தம். வெங்காயம், பூண்டுகூட அதில் இருக்காது. அந்தக் கடைகளில் மஞ்சள் பலகையிலோ கொடியிலோ சிவப்பில் இரண்டு எழுத்து இருக்கும், பார்வைக்கு 17 என்ற எண் மாதிரி. சைனா டவுனில் தேடினால் கண்ணில் படும். மற்றக் கடைகளில் "மாய் சை நாம் பிளா" என்றால் மீன் சாறு வேண்டாம், "மாய் சை காய்" என்றால் முட்டை வேண்டாம். 'காய்' என்பது அங்கே கோழிக்கும் முட்டைக்கும் ஏறக்குறைய ஒரே உச்சரிப்பு, ஆகவே பாதகமில்லை. பப்பாளிக்காய்ச் சாலட்டில் உலர்ந்த இறால் இருக்கும், கறிக் குழம்புகளின் விழுதில் இறால் சேரும், இரண்டையும் விட்டுவிடுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும் பயமில்லாமல் சாப்பிடலாம். நம் சாப்பாட்டுக்கு ஏங்கினால் இந்தியர் வட்டாரமான பாஹுராத் போங்கள், சாம் யோட்டுக்குப் பக்கம்தான். அங்கே பெரிய குருத்வாராவும் இருக்கிறது.

ஒரு நாள் அயுத்தயா. ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து மூன்றாம் வகுப்பு ரயில், 20 பாட் அளவில்தான். ஜன்னல் திறந்திருக்கும், வயல்கள் வரும். 1767இல் பர்மியப் படை எரித்த தலைநகரம் அது. சைக்கிள் வாடகைக்கு எடுத்து மெதுவாகச் சுற்றுங்கள். ஆலமர வகை மரம் ஒன்றின் வேர்கள் பின்னிப் பிடித்த புத்தர் தலை வாட் மஹாதாத்தில் இருக்கிறது. அதன்முன் படம் எடுக்கும்போது தலைக்கு மேலே நிற்காமல் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

பணத்துக்கு: நம் கார்டால் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். அடிக்கடி எடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டை எதற்கும் அடமானமாகக் கொடுக்காதீர்கள்.

காகித வேலையில் ஒன்று முக்கியம். 2025 மே முதல், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் அரசாங்கத்தினுடையது அல்ல. விசா விதி அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் அன்று தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இனி அம்மாவின் கவலை. சைனா டவுனில் இரவு பத்து மணிக்கும் பெண்கள் தள்ளுவண்டியில் வியாபாரம் செய்துகொண்டிருப்பார்கள். தனியாக நடக்கும் பெண் அங்கே யாருக்கும் அதிசயமில்லை. ஆனால் ஹாஸ்டலிலோ போனிலோ யாராவது "டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம், எல்லைப் பக்கம் ஆபீஸ்" என்று பேச்செடுத்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அப்படி நம்பிப் போன நம் பிள்ளைகள் மியான்மர் மோசடி முகாம்களில் அடைபட்டு, மீட்டு வரப்பட்டிருக்கிறார்கள். இதை உங்களுக்கு மட்டுமல்ல, நண்பர்களுக்கும் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் ஒரு தாளில் ஹாஸ்டல் முகவரி, விமான எண், சுற்றுலாப் போலீஸ் எண் 1155, சுகும்வித் 23ஆம் சந்தில் இருக்கும் இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண் எல்லாம் எழுதி அம்மா கையில் கொடுங்கள். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடும். நீங்கள் இரவு ஒன்பதுக்கு அறைக்குத் திரும்பிக் கூப்பிட்டால் ஈரோட்டில் ஏழரை. அம்மா சாப்பிட உட்காரும் முன்பே உங்கள் குரல் வந்துவிடும்.