நெஞ்செரிவுக்குத் தலையணை போதாது

கேள்வி: வேலை முடிந்து வீடு வர இரவு ஒன்பது மணியாகிறது. கொத்துரொட்டி சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்தால், நடுச்சாமத்தில் புளித்தண்ணீர் தொண்டைவரை வந்து நெஞ்சு எரிகிறது. மூன்று தலையணை வைத்தும் குறையவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலில் அந்தத் தலையணைகளை எடுத்துவிடுங்கள். தலையும் கழுத்தும் மட்டும் உயர்ந்து உடம்பு இடுப்போடு மடிந்தால் வயிறு அமுங்கும். அமுங்கிய வயிறு அமிலத்தை மேலே தள்ளும். உயர வேண்டியது இடுப்புக்கு மேலுள்ள உடம்பு முழுவதும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டின் கீழும் 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர மரக்கட்டை வையுங்கள். கட்டையின் நடுவில் கால் அமர ஒரு குழி வெட்டிவிட்டால் இரவில் வழுக்காது. பாயில் படுப்பவர்களுக்கு, இடுப்புவரை வரும் சரிவான போம் மெத்தை உதவும்.

இடப்பக்கம் சரிந்து படுங்கள். அப்படிப் படுக்கும்போது இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்ந்து நிற்கும். அமிலம் அங்கேயே தேங்கும்.

அடுத்தது நேரம். உணவுக்குழாய் இரைப்பையில் சேருமிடத்தில் வளையம்போல ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு இறுகிக்கொள்ளும். இரைப்பை நிரம்பி விரிந்தால் அது அடிக்கடி தளரும். கொத்துரொட்டிபோல எண்ணெயும் மாவும் சேர்ந்த சாப்பாடு இரைப்பையைவிட்டு இறங்கவும் வெகுநேரமாகும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணித்தியால இடைவெளி வேண்டும் என்பது அதனால்தான். ஒன்பதுக்கு வருபவர் பன்னிரண்டுவரை விழித்திருக்கத் தேவையில்லை. மாலை 6 மணியளவில் வேலைத்தலத்திலேயே வயிறார ஏதாவது சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று இடியப்பத்தோடு நிறுத்துங்கள். சாரத்தை வயிற்றில் இறுக்கிக் கட்ட வேண்டாம். கொச்சிக்காயை மட்டும் குறை சொல்லவும் வேண்டாம். சிலருக்குப் பிளேன்டீ, சிலருக்குத் தக்காளி. எதைச் சாப்பிட்ட இரவில் எரிந்தது என்று இரண்டு வாரம் எழுதிவாருங்கள், உங்களுக்கு ஒவ்வாதது தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகும் குறையாவிட்டால் வைத்தியரைப் பாருங்கள். விழுங்கக் கஷ்டம், காரணமில்லாத மெலிவு, இரத்த வாந்தி, தார்போன்ற கறுப்பு மலம் இருந்தால் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது.

கேள்வி: அம்மாவுக்குப் பிரஷர். நெஞ்சு எரிந்தால் அப்பச்சோடாவைத் தேசிக்காய்ச் சாற்றில் கலந்து குடிக்கிறா. சரியா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: நிறுத்தச் சொல்லுங்கள். அப்பச்சோடா எரிவைச் சில நிமிடங்களில் அடக்கும் என்பது உண்மை. ஆனால் அரைத் தேக்கரண்டியில் 600 மில்லிகிராமளவு சோடியம் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஒருநாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையே 2000 மில்லிகிராம்தான். பிரஷர், இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடக்கூடாது. தேசிக்காய் சேர்த்ததும் பொங்குகிறதே, அங்கேயே சோடாவின் பலத்தில் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது.

வேறு வருத்தமில்லாத பெரியவர் எப்போதாவது குடிப்பதென்றால், மட்டமாக அரைத் தேக்கரண்டியை அரைக் கிளாஸ் தண்ணீரில் நன்றாகக் கரைத்து மெல்ல மெல்லக் குடிக்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு வேண்டாம்; கிளம்பும் வாயு வயிற்றை ஊதவைக்கும்.

அம்மாவுக்கு, பார்மசியில் சோடியம் குறைந்த அமிலநீக்கி கேட்டு வாங்குங்கள். மற்றக் குளிசைகளுக்கும் அதற்கும் 2 மணித்தியால இடைவெளி விடுங்கள். இன்னொன்று: அம்லோடிபின் போன்ற சில பிரஷர் குளிசைகளே அந்த வளையத் தசையைத் தளர்த்தக்கூடும். தானாக நிறுத்தாமல், கிளினிக் போகும்போது வைத்தியரிடம் கேளுங்கள்.

கேள்வி: குளிர்ந்த பாலா, இஞ்சிப் பிளேன்டீயா?
— வாசகி, மட்டக்குளி

பதில்: பால் கொஞ்ச நேரம் ஆற்றும், பிறகு வயிற்றை மேலும் அமிலம் சுரக்கவைக்கும். இரவில் வேண்டாம். இஞ்சியென்றால் இரண்டு மூன்று மெல்லிய துண்டு, தேயிலை போடாமல். கூடினால் இஞ்சியே எரிக்கும். சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் சீனியில்லாத சுவிங்கம் மெல்லுவது இரண்டையும்விட நல்லது: ஊறும் எச்சில் அமிலத்தைத் தணித்துக் கீழே கழுவிவிடும். மின்ட் வாசம் உள்ளதைத் தவிருங்கள். அது தசையைத் தளர்த்தும்.

கேள்வி: வயது 58, சீனி வருத்தம் உண்டு. மாடிப்படி ஏறினால் நெஞ்சு எரிகிறது, நின்றால் போய்விடுகிறது. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குளிசை போடலாமா?
— வாசகர், தெமட்டகொடை

பதில்: இதை வயிற்று வருத்தமென்று நினைக்காதீர்கள். நடந்தால் வந்து நின்றால் போகும் எரிவு, இருதயத்துக்கு இரத்தம் போதாததன் அடையாளமாக இருக்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வலி தெளிவாகத் தெரியாமலும் போகும். இன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், "படி ஏறும்போது வருகிறது" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிடாமல், மேலும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். ஓய்விலும் எரிவு நிற்காவிட்டால், அல்லது வியர்வை, மூச்சுத்திணறல், தாடையிலோ இடக்கையிலோ வலி சேர்ந்தால், முச்சக்கர வண்டி தேடவேண்டாம். உட்கார்ந்துகொண்டு 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.