பாரிஸின் சேன் சுல்பீஸ் ஆலயத்தில் 12 மணிக்கு ஒளி ஏன் பித்தளைக் கோட்டில் விழவில்லை?

சூரியன் உச்சிக்கு வரும்போது ஒளிவட்டம் விழும்படி ஆலயத் தரையில் வடக்கு தெற்காகப் பதித்த அந்தக் கோடு சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்றிருக்கிறீர்கள். குளிர்காலத்தில் பாரிஸில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் சுமார் 12.50-க்கு. மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பதால் சுமார் 1.50.

அதிலும் ஏற்ற இறக்கம் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் 12.35-க்கே வந்துவிடும், பிப்ரவரி நடுவில் 1.05 ஆகும். எனவே அன்றைய உச்சிப்பொழுதைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் முன்னதாகவே போங்கள். ஒளிவட்டம் கோட்டைக் கடக்க இரண்டு நிமிடம்தான் ஆகும், கண்ணெடுக்காமல் பாருங்கள்!

இன்னொன்று, இது பாரிஸ் தீர்க்கரேகை (பழைய பிரெஞ்சு வரைபடங்களுக்கு அடிப்படையான வடக்கு தெற்குக் கோடு) அல்ல. அது பாரிஸ் வானாய்வுக்கூடம் வழியாக, ஆலயத்துக்குச் சற்றுக் கிழக்கே போகிறது. ஈஸ்டர் தேதிக்கு அடிப்படையான சம இரவு நாளைத் துல்லியமாகக் கணிக்கப் பங்குத்தந்தை லாங்கே தெ ஜெர்ஜி செய்வித்த ஏற்பாடு இது. கடிகாரக் கலைஞர் ஹென்றி சல்லி தொடங்கினார். அவர் 1728-இல் இறந்துபோக, வானியலாளர் லெ மொன்னியே 1743-இல் முடித்தார்.

தென்புற ஜன்னலில் உள்ள சிறு துளைதான் ஒளி வரும் வழி. டிசம்பரில் சூரியன் தாழ்ந்திருப்பதால் ஒளி தரையைத் தாண்டி வடபுறச் சுவர்வரை போய்விடும். அதற்காகவே அங்கே வெண்பளிங்குத் தூண் எழுப்பி, பித்தளைக் கோடு அதன்மேல் ஏறிச் செல்லும்படி செய்திருக்கிறார்கள். அதன் அடிப்பாகக் கல்வெட்டையும் அவசியம் பாருங்கள்: அரசர், அமைச்சர்கள் பெயர்களைப் பிரெஞ்சுப் புரட்சியின்போது செதுக்கி அழித்த தடம் தெரியும்.

மேகமூட்டமான நாளில் எதுவும் தெரியாது. ஞாயிறு திருப்பலி நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.