ட்ரோம்சோ குளிர், வழுக்கல், வெளிச்சம்: கேள்வி பதில்

வட நோர்வேயின் ட்ரோம்சோ நகரத்துக்கு வர இருப்பவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

அக்கா, ஜனவரியில் படிக்க வருகிறேன். மைனஸ் 30 வரை போகுமா? எவ்வளவு தடிப்பான ஜாக்கெட் வாங்க வேண்டும்?

போகாது தம்பி. 69.6 பாகை வடக்கே இருந்தாலும், அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டிப் போகிறது. அதனால் துறைமுகம் உறைவதில்லை. ஜனவரி, பிப்ரவரி சராசரி மைனஸ் 4 அளவில்தான் இருக்கும். ஆளை வாட்டுவது காற்று. மைனஸ் 5இல் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 14. ஆகவே தடிப்பைப் பார்க்காமல், காற்றும் நீரும் புகாத மேலாடையாக வாங்குங்கள். உள்ளே கம்பளி போடுங்கள். பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்து பேருந்துக்கு நிற்கும்போது விறைக்க வைத்துவிடும்.

அப்படியென்றால் எந்தக் குளிர் மோசம்?

பூச்சியத்தை ஒட்டியதுதான். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மைனஸ் 10இல் பனி காய்ந்து கிடக்கும், சப்பாத்து பிடிக்கும். தென்மேற்குக் காற்றோடு பிளஸ் 3 வந்து மழை பெய்தால், மிதிபட்டு இறுகிய பனியின்மேல் நீர்ப்படலம் நிற்கும். வழுக்காமலிருக்கத் தூவிய சரளைக்கல்லும் அதற்குள் புதைந்துவிடும். இரவில் அது மறுபடி உறைந்தால் காலையில் தெருவே கண்ணாடி.

சப்பாத்தில் மாட்டும் ஆணிப்பட்டையை, இங்கே 'ப்ரொடர்' என்பார்கள், அக்டோபரிலேயே வாங்கிப் பையில் வையுங்கள். குதிகாலில் மட்டும் மாட்டுவது போதாது, முன்பாதத்திலும் ஆணி வேண்டும். கடைக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள், ஓட்டுத் தரையில் அந்த ஆணியே வழுக்கும். கைகளைச் சட்டைப்பையில் விட்டு நடக்காதீர்கள். கூரை ஓரமாகவும் போகாதீர்கள், இளகிய பனி மொத்தமாகச் சரியும்.

காருக்கு?

ஆணி டயர் வட நோர்வேயில் அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை அனுமதி. குளிர்கால டயரின் பள்ளம் குறைந்தது 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கதவு ரப்பருக்கு சிலிகான் பூசாவிட்டால் மழைக்குப் பின் ஒட்டிக்கொள்ளும், பலமாக இழுத்தால் கிழியும்.

டிசம்பரில் முழு இருட்டா?

இல்லை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது. ஆனால் டிசம்பர் 21 நண்பகலிலும் அது அடிவானத்துக்கு 3 பாகைதான் கீழே இருக்கும், சில மணி நேரம் நீல வெளிச்சம் கிடைக்கும். தெற்கே மலை மறைப்பதால் நகரம் ஜனவரி 21ஐத்தான் சூரிய நாளாகக் கொண்டாடுகிறது. வைட்டமின் டிக்கு தினமும் 5 மில்லி காட் மீன் ஈரல் எண்ணெய் குடிப்பது ஊர் வழக்கம், அதை நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள்.

துருவ ஒளி பார்க்க எந்த மாதம் வரலாம்?

செப்டம்பர் முதல் மார்ச் வரை. தடை குளிரல்ல, மேகம். அக்டோபர் மழை மிகுந்த மாதம். நகரில் மூட்டமாக இருந்தால், மலைகள் மழையை மறிக்கும் ஷிபோட்ன் என்ற ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்கள்.

ஜூலையில் குழந்தைகளோடு வருகிறோம்...

சராசரி 12 பாகைதான், மழை ஜாக்கெட் கட்டாயம். மே 20 அளவிலிருந்து ஜூலை 22 அளவு வரை சூரியன் மறையாது. பிள்ளைகள் தூங்க, வெளிச்சம் கசியாத திரை உள்ள அறையா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். இல்லையென்றால் கறுப்புத் துணியும் ஒட்டுநாடாவும் கொண்டு வாருங்கள்.